பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், விமானி ஆக வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

தாரமங்கலம் மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் மாவட்டம் தாரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்கிறேன். அப்பா வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறார். காமலாபுரம் விமான நிலையம் பக்கத்தில்தான். சின்னப் பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பதை மொட்டை மாடியில் நின்று பார்ப்பேன்.

முன்பெல்லாம் பார்ப்பதோடு சரி. இந்த வருஷம்தான் அது எப்படிப் பறக்கிறது, உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சென்னை விமான நிலையத்தின் மெட்டார் வானிலை அறிக்கையை அண்ணன் செல்போனில் பார்த்துத் தினமும் காலையில் ஒரு நோட்டில் எழுதுகிறேன். காற்று 250 டிகிரி, 10 நாட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) என்று இருந்தால், இன்றைக்கு அந்தத் திசையைப் பார்த்த 25-ம் எண் ஓடுதளத்தில்தான் இறங்குவார்கள் என்று நானே சொல்லிப் பார்த்து, பிறகு விமானப் பாதை காட்டும் செயலியில் சரிபார்ப்பேன். பெரும்பாலும் சரியாக வருகிறது.

வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே எனக்குக் குரல் வராது. விமானி ஆனால் ரேடியோவில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று தெரிந்ததும், காலை வணக்கக் கூட்டத்தில் ஆங்கிலச் செய்தி வாசிக்க நானே பேர் கொடுத்தேன். இப்போது கை நடுங்குவது குறைந்திருக்கிறது.

என் சந்தேகங்கள் இவை. கண்ணாடி போட்டிருக்கிறேன், இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75. ஆக முடியுமா? கணக்கு சுமார்தான், முக்கோணவியல் வந்தால் பயம். அப்பாவால் அரைக் கோடியெல்லாம் புரட்ட முடியாது. விமானப்படைக்குப் போனால் செலவே இல்லை என்று மாமா சொல்கிறார். அம்மா, பொம்பளைப் பிள்ளை ராத்திரி நேரத்தில் ஊர் ஊராகப் போவதா என்கிறார். யாராவது இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

ஏடிஆர் துணை விமானி:

தங்கச்சி, நான் விருதுநகர் மாவட்டக்காரி. ஏடிஆர் 72 விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். உன் கேள்வியில் எனக்கு முதலில் பிடித்தது அந்த மெட்டார் நோட்டு. அதை விடாதே. இனிமேல் காற்றோடு நிறுத்தாமல் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) சேர்த்து எழுது. இரண்டும் நெருங்கி வரும் காலைகளில் பார்வைத் தூரம் என்ன ஆகிறது என்று பார். மூடுபனி பற்றி முக்கால்வாசி உனக்கே புரிந்துவிடும்.

கண்ணைப் பற்றி. பயணிகள் விமானம் ஓட்டக் கண்ணாடி ஒரு தடை இல்லை. கண்ணாடி போட்டுப் பார்வை தேவையான அளவுக்கு வந்தால் போதும். நானும் கண்ணாடி போட்டுத்தான் ஓட்டுகிறேன். மாற்றுக் கண்ணாடி ஒன்று கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பலர் யோசிக்காமல் விடுவது நிறப்பார்வையை. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டையைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். நிறக்குறை இருப்பவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஊரில் ஒரு கண் மருத்துவரிடம் இந்த வாரமே பார்த்துவிடு.

அப்புறம் டிஜிசிஏ, அதாவது விமானி உரிமம் தரும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், கேட்கும் மருத்துவச் சோதனை. அது இரண்டு கட்டம். முதலில் அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் க்ளாஸ் 2. அடுத்து க்ளாஸ் 1. இதற்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் போவது பெங்களூரில் இருக்கும் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்துக்கு. காது, இதயம், ரத்தம், நுரையீரல் எல்லாம் பார்ப்பார்கள். வணிக விமானி உரிமத்துக்கு க்ளாஸ் 1 கட்டாயம். எந்தப் பயிற்சிப் பள்ளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், க்ளாஸ் 1 கையில் வரும் முன்னால் பெரிய தொகை கட்டக் கூடாது. லட்சக்கணக்கில் கட்டிவிட்டுப் பிறகு மருத்துவத்தில் நின்றுபோன குடும்பத்தை நான் அறிவேன். மனசு கேட்கவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

மாமா சொன்ன விமானப்படை வழி நல்ல வழிதான். முப்படை அதிகாரிகளைப் பயிற்றும் தேசியப் பாதுகாப்பு அகாதமியில் (என்டிஏ) 2022 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள், பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பள்ளி முடித்துப் பறக்கும் பிரிவுக்குள் நேராகப் போகிறவர்களுக்குக் கிட்டப்பார்வை இருக்கக் கூடாது. உன் மைனஸ் 1.75 அங்கே ஒத்துவராது. மாமாவிடம் இதைப் பொறுமையாகச் சொல். தெரியாமல் அங்கேயே இரண்டு வருஷம் முட்டிக்கொண்டிருக்காதே.

கணக்கு. நான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் முக்கோணவியல் பயம் எனக்கும் இருந்தது, அது போன இடம் ஓடுதளம்.

காமலாபுரம் ஓடுதளத்தின் எண் 04, 22. அதாவது ஒரு முனை ஏறத்தாழ 40 டிகிரி, மறுமுனை 220 டிகிரி. காற்று 250 டிகிரியிலிருந்து 20 நாட் வேகத்தில் வீசுகிறது என்று வை. நீ 22-ல் இறங்குகிறாய். ஓடுதளத்துக்கும் காற்றுக்கும் இடையே கோணம் 30 டிகிரி. சைன் 30 என்பது அரை. ஆக, உன்னைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று 10 நாட். காஸ் 30 ஏறத்தாழ 0.87. ஆக எதிர்க்காற்று சுமார் 17 நாட். எந்த விமானத்துக்கும் இவ்வளவு பக்கக் காற்றில் இறங்கலாம் என்று கையேட்டில் ஓர் எண் இருக்கும். உன் எண் அதற்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கோணவியல்.

இன்னும் ஒன்று. 60 கடல் மைல் பறந்த பிறகு வழியிலிருந்து ஒரு கடல் மைல் விலகியிருந்தால், உன் திசையில் ஏறத்தாழ ஒரு டிகிரி பிழை. 30 மைலிலேயே ஒரு மைல் விலகிவிட்டால் இரண்டு டிகிரி. இதை மனக்கணக்காகப் போடுவோம். இறங்கும்போது, ஆயிரம் அடிக்கு மூன்று மைல் வீதம் தூரம் வேண்டும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 18,000 அடியிலிருந்து தரைக்கு வர 54 மைலுக்கு முன்பே யோசிக்கத் தொடங்க வேண்டும். பெருக்கல் வாய்ப்பாடு வேகமாக வந்தால் பாதி வேலை முடிந்தது. கால்குலேட்டரைக் கொஞ்ச நாள் தள்ளி வை.

சரி, உரிமத்துக்கு என்ன வேண்டும்? 18 வயது, 200 மணி நேரப் பறத்தல், அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்ற விமானியாக. 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நீண்ட பயணம், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். இரவுப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் எல்லாம் இதற்குள் அடக்கம். பறப்பதற்கு வெளியே எழுத்துத் தேர்வுகள்: வழிகாட்டல் (நேவிகேஷன்), வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம். தேர்ச்சிக்கு 70 மதிப்பெண். ரேடியோவில் பேசுவதற்குத் தனித் தேர்வு.

நான் பயின்றது உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமியில். மத்திய அரசு நிறுவனம், நுழைவுத் தேர்வு உண்டு. டிசம்பர், ஜனவரியில் அங்கே பனி இறங்கினால் பகல் பதினோரு மணி வரை ஓடுதளம் தெரியாது. விமானத்தை வெளியே எடுக்காமல் உட்கார்ந்திருப்போம். அவசரக்காரியான எனக்குப் பொறுமை வந்தது அந்தப் பனியில்தான். தயாராக இருந்துகொண்டே காத்திருப்பதும், போகலாம் என்று எல்லாரும் சொல்லும்போது எனக்குச் சரியாகப் படவில்லை என்று வாய்திறந்து சொல்வதும் இந்த வேலையில் பெரிய பங்கு. காலை வணக்கக் கூட்டத்தில் நீ ஆரம்பித்திருப்பது இதற்கான பழக்கம்தான்.

அம்மாவுக்கு: இந்தியாவில் விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் பெண்கள், உலகச் சராசரியைவிட இது பல மடங்கு. இரவுப் பணிக்கு வீட்டு வாசலுக்கு நிறுவனத்தின் வண்டி வரும், வெளியூரில் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. என் அம்மாவும் இதையேதான் கேட்டார். எங்கள் விமானத்தில் ஒரு தடவை பயணியாக வந்து போன பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்:

கண்ணு, கல்விக் கடன் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். பண விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

உரிமம் வாங்கும் வரை இன்றைய நிலையில் அரைக் கோடியை ஒட்டிய செலவு. பிறகு ஏர்பஸ் போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம். இவ்வளவு பெரிய கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கும். 40 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்தால், வட்டி மட்டும் வருஷத்துக்கு 4,20,000 ரூபாய், மாதம் 35,000. அசலைத் தொடவே இல்லை. உரிமம் வாங்கிய கையோடு வேலை கிடைத்துவிடாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடும். வீட்டோடு சேர்ந்த தறிக் கொட்டகை என்றாய். அதுதான் உங்கள் வருமானம். அதைப் பிணையாக வைப்பதற்கு முன் அப்பா பலமுறை யோசிக்கட்டும்.

கட்டணத்தை ஒரே தவணையில் கட்டவே கூடாது. எங்கள் தெருவில் ஒரு பையன் ஒரு பயிற்சிப் பள்ளியில் முழுத் தொகையையும் கட்டினான். விமானம் பழுது, பயிற்றுநர் இல்லை என்று மாதக்கணக்கில் தரையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை என்று எழுத்தில் வாங்குங்கள். இத்தனை மாணவருக்கு எத்தனை விமானம், போன வருஷம் எத்தனை பேர் 200 மணி நேரம் முடித்தார்கள் என்று நேரில் போய் அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் வணிக விமானி உரிமப் பயிற்சியும் சேர்த்தி. உங்களுக்குப் பொருந்துமானால் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

என் யோசனை, முதலில் ஒரு பட்டம் வாங்கு. 21 வயதில் தொடங்கினாலும் நேரம் இருக்கிறது.

நாமக்கல் பிளஸ் டூ:

நான் வணிகவியல் பிரிவு. எனக்கு வழியே இல்லையா அக்கா?

ஏடிஆர் துணை விமானி:

இருக்கிறது தம்பி. இயற்பியலும் கணிதமும் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் வேண்டும் என்பது நீண்டகால விதி. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டை மட்டும் எழுதித் தேறி வந்தவர்கள் உண்டு. விதியைத் தளர்த்தும் பேச்சு 2025-ல் எழுந்தது. அதை நம்பிக் காத்திருக்காமல் எழுதிவிடு. எப்படியும் படிக்க வேண்டிய பாடம்தான்.

ஐயா சொன்ன பணக் கணக்கு ஒவ்வொரு வரியும் உண்மை. பட்டம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். சும்மா பட்டம் படித்துக்கொண்டு மூன்று வருஷம் தள்ளிப்போட்டால் வேகம் போய்விடும். பக்கத்துக் கல்லூரியில் கணிதமோ இயற்பியலோ சேர்ந்து, கூடவே டிஜிசிஏ எழுத்துத் தேர்வுக்குப் படிக்கலாம். அந்தத் தேர்வுக்கு ஆவது ஆயிரங்களில், பறப்பதற்கு ஆவது லட்சங்களில். மருத்துவமும் எழுத்துத் தேர்வும் முதலில் முடியட்டும். அதற்குள் இது உனக்குப் பிடித்த வேலையா, தாங்கக்கூடிய வேலையா என்று உனக்கே தெரிந்துவிடும். தேர்ச்சிக்குக் காலாவதி உண்டு, அதனால் பணத்துக்கு வழி தெரியும் நேரத்தை ஒட்டி எழுது. ஃபுர்சத்கஞ்ச் நுழைவுத் தேர்வையும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு தடவை எழுதிப் பார்.

தாரமங்கலம் மாணவி:

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்தக் காற்றுக் கணக்கைக் காமலாபுரம் ஓடுதளத்தை வைத்தே வேறு வேறு கோணங்களில் போட்டுப் பார்த்தேன். 60 டிகிரியில் வந்தால் பக்கக் காற்று திடீரென்று பெரிதாகிவிடுகிறது, இப்போதுதான் சைன் அட்டவணைக்கு அர்த்தம் தெரிகிறது. கணக்கு டீச்சரிடம் காட்டினேன், வகுப்பில் எல்லாருக்கும் போட்டுக் காட்டச் சொன்னார். கரும்பலகையில் நின்று பேசினேன்.

அப்பாவும் ஐயா எழுதியதைப் படித்தார். தறியைத் தொடாமல் என்ன செய்யலாம் என்று பார்ப்போம், முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வா என்றார். சனிக்கிழமை சேலம் போகிறோம். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிது.

இன்னொரு கேள்வி. இந்த இரண்டு வருஷத்தில் காகித வேலை எதுவும் முடித்து வைக்க வேண்டுமா?

ஏடிஆர் துணை விமானி:

நல்ல கேள்வி. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரோடு ஓர் எழுத்து இனிஷியல் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்போர்ட்டில் முன்பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்துக் கேட்பான். டிஜிசிஏ கணக்குத் தொடங்கும்போது இவை ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறதோ, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப இப்போதே திருத்திவிடு. ஆதாரை முதலில் மாற்று, பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பி. மதிப்பெண் சான்றிதழ் உண்மைதானா என்று தேர்வுத் துறையிடமிருந்து சரிபார்ப்புக் கடிதமும் கேட்பார்கள், அது வர நாளாகும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரமே அதற்கு எழுதிப் போட்டுவிடு.

சனிக்கிழமை கண் மருத்துவர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுது.