பிடித்துச் சென்ற மாட்டை மீட்பது எப்படி? வீட்டில் 20 நாள் கன்று இருக்கிறது

செவலைவீட்டான்:
சென்னை வில்லிவாக்கம். அம்மா இரண்டு மாடுகள் வளர்க்கிறார். இன்று விடியற்காலை கறந்து முடித்ததும் செவலையை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஏழு மணிக்குள் மாநகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கன்று முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்துகிறது. அபராதம் எவ்வளவு? வீட்டில் மாடு வளர்ப்பதே சட்டவிரோதம் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். உண்மையா?

பழைய பால்காரர்:
தம்பி, பிடித்த மாடுகளை அடைக்கும் மாநகராட்சித் தொழுவம் புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் இருக்கிறது, எதில் என்று முதலில் விசாரியுங்கள். மாநகராட்சியின் 2024 தீர்மானப்படி முதல் முறை 10,000 ரூபாய், அடுத்த முறை 15,000. மூன்றாம் நாளிலிருந்து பராமரிப்புக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் தனி. நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். மாடு உங்களுடையது, இனி தெருவில் விடமாட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள். போகும்போது ஒரு வாளி கொண்டுபோய்க் கறக்க அனுமதி கேளுங்கள். மடி கட்டிக்கொண்டால் மடிநோயில் கொண்டுபோய் விடும்.

கன்றுக்கு இன்னொரு மாட்டுப் பாலைச் சூடு ஆறாமல் புகட்டுங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாளைக்கு. 30 கிலோ கன்றுக்கு மூன்று லிட்டர். ஒரே வேளையில் ஊற்றிக் கழிச்சலை வரவழைக்காதீர்கள்.

தெருமுனை:
கன்றுக்காக இவ்வளவு பேசுகிறீர்கள். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டித் தூக்கியதை மறந்துவிட்டீர்களா? கறந்த மாட்டைத் தெருவில் மேயவிட்டால் தீனிச் செலவு மிச்சம், அவ்வளவுதானே!

வழக்குரைஞர்:
எதிர்வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. நகர்ப்புறங்களில் கால்நடை வளர்ப்பதை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இல் வந்தது. அது வளர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை, உரிமம் வேண்டும் என்கிறது. உங்களிடம் உரிமம் இருக்கிறதா? இல்லையென்றால் அபராதம் கட்டியதோடு விஷயம் முடியாது. சாணம், கொசு, நாற்றம் என்று அவர் பொதுத் தொல்லைப் புகார் கொடுத்தால், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 152ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர் அகற்றச் சொல்லி உத்தரவிட முடியும். அதற்கு முன் தொழுவத்தைக் கழுவிய தண்ணீர் மழைநீர்க் கால்வாயில் விழாதபடி பாருங்கள். பெரும்பாலான சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

செவலைவீட்டான்:
பெரம்பூரில் இருந்தது. பணம் கட்டிவிட்டேன், மாலையில் கொண்டுவந்தாயிற்று. கறக்க விட்டார்கள், காம்பைத் தொட்டதும் உதைத்தது, அவ்வளவு வலி. தெருமுனை சொன்னது உறைக்கிறது, தீனிச் செலவுக்குப் பயந்துதான் அவிழ்த்துவிட்டேன். உரிமம் இல்லை. எங்கள் தொழுவம் எட்டடிக்குப் பத்தடி. இரண்டு மாட்டுக்கும் கன்றுக்கும் சேர்த்து உரிமம் தருவார்களா? கேட்டுவரத் திங்கட்கிழமை மண்டல அலுவலகம் போகிறேன். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.