உள்நாட்டில் 7 டெஸ்ட்களில் 5 தோல்விகள்: குறை ஆட்டத்திலா, அணித் தேர்விலா?

கேள்வி: நெல்லை ரசிகன்

2025 நவம்பர் வரை நம் மண்ணில் கடைசியாக ஆடிய 7 டெஸ்ட் போட்டிகளில் 5-இல் இந்திய அணி தோற்றிருக்கிறது. வென்ற இரண்டும் 2025 அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் ஆடியவை. 2013 முதல் 2024 அக்டோபர் தொடக்கம் வரை உள்நாட்டில் தொடர்ச்சியாக 18 தொடர்களை வென்ற அணி இது. அதனால் இந்தச் சரிவை ஒரு மோசமான பருவம் என்று சொல்லி ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. பெங்களூரில் 46 ரன்களுக்குச் சுருண்ட நாளில் தொடங்கிய நியூசிலாந்துத் தொடரை 0–3 என்று இழந்தோம். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா, அதன் முன்னணி வேகப்பந்து வீச்சாளர் ரபாடா ஒரு பந்துகூட வீசாத தொடரில், கொல்கத்தாவிலும் குவாஹாட்டியிலும் நம்மை வென்று, 2000-ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாக இங்கே டெஸ்ட் தொடரைக் கைப்பற்றியிருக்கிறது. குவாஹாட்டித் தோல்வியின் வித்தியாசம் 408 ரன்கள். ரன் கணக்கில் நம் டெஸ்ட் வரலாற்றிலேயே இதுதான் மிகப் பெரிய தோல்வி.

வீரர்களின் ஆட்டத்திறன் குறைந்துவிட்டது என்பதே பலரும் கூறும் காரணம். ஆனால் எனக்கு அணித் தேர்வின் மீதுதான் சந்தேகம் வலுக்கிறது. குறிப்பாக மட்டை வரிசையின் மூன்றாம் இடத்தைக் கையாண்ட முறையின் மீது. திராவிடும் அவருக்குப் பின் புஜாராவும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு காத்த இடம் அது. 2025 ஜூனில் இங்கிலாந்தின் லீட்ஸில் அந்த இடத்தில் சாய் சுதர்சன் அறிமுகமானார். அடுத்த போட்டியிலேயே நீக்கப்பட்டார். எட்டாண்டுக்குப் பின் அணிக்குத் திரும்பிய கருண் நாயர் அங்கே இரண்டு போட்டிகள் ஆடினார். மான்செஸ்டரில் மீண்டும் அழைக்கப்பட்ட சாய் 61 ரன் எடுத்தார். டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 87, 39 என்று ஆடினார். அதற்கு அடுத்த டெஸ்டே கொல்கத்தா. அதில் அவருக்கு இடமில்லை, வாஷிங்டன் சுந்தர் மூன்றாவதாக இறங்கினார். குவாஹாட்டியில் மறுபடி சாய் வந்தார், வாஷிங்டன் எட்டாம் இடத்துக்குப் போனார். ஐந்தே மாதங்களில் இத்தனை மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

கொல்கத்தாவில் 124 ரன் இலக்கைத் துரத்தி 93-இல் நாம் ஆட்டமிழந்தபோது, அணியின் அதிகபட்சமான 31 ரன்னை எடுத்தவர் வாஷிங்டன். அவரை அடுத்த வாரமே எட்டாம் இடத்துக்கு இறக்கியதற்கும், 87 அடித்த சாயை அடுத்த போட்டியில் உட்கார வைத்ததற்கும் ஏதேனும் ஆட்டக் காரணம் இருக்கிறதா? இருப்பதாகக் கருதுவோர் அதை விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: சேப்பாக்கம் மேல்மாடம்

நண்பரே, மூன்றாம் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். ஆயினும் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆடும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே நாம் ஆடுகளத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். முதல் நாளிலிருந்தே பந்து திரும்பி, தாழ்ந்தும் எழும்பியும் வரும் களத்தில் நம் சுழற்பந்து வீச்சாளருக்கும் எதிரணியின் சுழற்பந்து வீச்சாளருக்கும் இடையிலுள்ள திறமை வேறுபாடு மறைந்துவிடுகிறது. 2017-இல் புனேயில் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஸ்டீவ் ஓ'கீஃப் இரு இன்னிங்ஸிலும் தலா 6 விக்கெட் எடுத்தார். 105, 107 என்று நாம் சுருண்டோம். 2023-இல் இந்தூரில் அதே நாட்டின் மேத்யூ குனெமன் 16 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். 2024-இல் நியூசிலாந்துக்காகப் புனேயில் சான்ட்னர் 13 விக்கெட்டும், மும்பையில் அஜாஸ் படேல் 11 விக்கெட்டும் எடுத்தனர். மும்பையில் 147 ரன் இலக்கை நம்மால் எட்ட முடியாமல் 25 ரன்னில் தோற்றோம். இதையெல்லாம் பார்த்த பிறகும் கொல்கத்தாவில் அதே வகைக் களம் அமைந்தது. அது தாங்கள் கேட்ட களம்தான் என்று தலைமைப் பயிற்சியாளர் கம்பீரே ஆட்டத்துக்குப் பின் கூறினார். தென்னாப்பிரிக்கச் சுழற்பந்து வீச்சாளர் சைமன் ஹார்மர் அங்கே 51 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார்.

நல்ல களத்தில் நாம் எப்படி வென்றோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 477 ரன் எடுத்தது. பதிலுக்கு நாம் கருண் நாயரின் 303 ரன்னுடன் 759 ரன் குவித்தோம்; கடைசி நாளில் ஜடேஜா 48 ரன்னுக்கு 7 விக்கெட் வீழ்த்த, இன்னிங்ஸ் மற்றும் 75 ரன் வித்தியாசத்தில் வென்றோம். 2024-இல் ராஜ்கோட்டில் நம் முதல் இன்னிங்ஸ் 445. ஆட்டத்தை 434 ரன் வித்தியாசத்தில் முடித்தோம். மட்டையாளர்கள் ரன் சேர்க்கக்கூடிய களத்தில் ஐந்து நாள் ஆடும் அளவுக்குப் பொறுமையும் திறமையும் நம்மிடம்தான் கூடுதலாக இருந்தன. மூன்று நாளில் முடியும் ஆட்டத்தில் அந்தச் சாதகத்தை நாமே எதிரணியிடம் விட்டுக்கொடுக்கிறோம்.

ஆகையால் கொல்கத்தாவில் வாஷிங்டன் மூன்றாவதாக இறங்கியதை நான் தனித்த தவறாகப் பார்க்கவில்லை. திரும்பும் களம் என்பதால் நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள். நான்கு பேரைச் சேர்த்ததால் மட்டையாளர் ஒருவர் குறைவு. அந்தக் குறையை நிரப்ப அவர்களுள் நன்றாக மட்டை பிடிப்பவர் மேலே வருகிறார். அந்தப் போட்டியில் வாஷிங்டனுக்குப் பந்து வீச ஏறக்குறைய வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பந்து வீசாத நான்காவது சுழற்பந்து வீச்சாளருக்காக ஒரு முழுநேர மட்டையாளரை வெளியே வைத்தோம். களத்தைப் பற்றிய முடிவு மாறினால் இந்தச் சங்கிலி முழுவதும் மாறிவிடும் என்பது என் கருத்து.

பதில் 2: கொங்கு வாசகர்

மேலே எழுதியவரின் வாதம் கொல்கத்தாவுக்குப் பொருந்தும். குவாஹாட்டிக்கு எவ்விதத்திலும் பொருந்தாது. முதன்முதலாக டெஸ்ட் நடந்த அந்த மைதானத்தில் தென்னாப்பிரிக்கா 489 ரன் எடுத்தது. முத்துசாமி சதமடித்தார், ஒன்பதாவதாக வந்த யான்சென் 93 அடித்தார். அதே களத்தில் நாம் 95-க்கு 1 விக்கெட் என்ற நிலையிலிருந்து 122-க்கு 7 என்று சரிந்தோம். யான்சென் எடுத்த 6 விக்கெட்டில் பெரும்பாலானவை உயரப் பந்துகளுக்கு விழுந்தவை. அன்றைய நாளில் களத்தைக் குற்றம் சொல்ல இடமே இல்லை. முதல் இன்னிங்ஸில் 134 பந்துகளை எதிர்கொண்டு குல்தீப் யாதவ் 19 ரன் எடுத்தார். பந்துவீச்சாளரான அவரால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடிந்த களத்தில் தொழில்முறை மட்டையாளர்களால் நிற்க முடியவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

என் பார்வையில் சிக்கல் முழுநேர வீரர்கள் மீது நமக்கு நம்பிக்கை போய்விட்டதில் இருக்கிறது. இரண்டு வேலையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யக்கூடியவர் ஒரு வேலையை முழுமையாகச் செய்பவரைவிடப் பாதுகாப்பான தேர்வு என்று அணி நிர்வாகம் கருதுகிறது. குவாஹாட்டியில் நிதிஷ் குமார் ரெட்டி ஆல்ரவுண்டராகச் சேர்க்கப்பட்டார். மெல்போர்னில் அவர் அடித்த 114 ரன்னை எவரும் மறக்கவில்லை. ஆனால் இங்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் எதிரணி மட்டை பிடித்தபோது அவருக்குக் கிடைத்தவை மிகச் சில ஓவர்களே, மட்டையில் 10-உம் 0-உம். அந்த இடத்தில் முதல்தரப் போட்டிகளில் பல ஆண்டுகள் ரன் குவித்த ஒருவர் நின்றிருக்கலாம்.

முதல்தரப் போட்டிகளுக்கு இன்று என்ன மதிப்பு இருக்கிறது என்பதற்கு சர்ஃபராஸ் கானின் கதையே போதும். ரஞ்சிக் கோப்பையில் ஆண்டுக்கணக்காக ரன் குவித்துக் காத்திருந்து அணிக்குள் வந்தார். 46 ரன்னுக்குச் சுருண்ட அதே பெங்களூர் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் 150 அடித்தார். அடுத்த மாதமே ஆஸ்திரேலியா சென்ற அவருக்கு 5 டெஸ்டிலும் வாய்ப்பில்லை. இங்கிலாந்துப் பயணத்துக்குப் பெயரே இல்லை. 2024–25 ரஞ்சிப் பருவத்தில் 863 ரன் எடுத்து விதர்பா கோப்பை வெல்லக் காரணமான கருண் நாயர், இங்கிலாந்தில் 8 இன்னிங்ஸில் 205 ரன் எடுத்ததும் விலக்கப்பட்டார். கருண் நாயரை நீக்கியதில் நியாயம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன், ஓவலில் எடுத்த 57 மட்டுமே அவருடைய ஒரே அரைசதம். ஆனால் அவருக்கு மாற்றாக யாரை நீண்ட நாள் வளர்க்கப் போகிறோம் என்ற திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

எதிரணியையும் பாருங்கள். ஹார்மர் 2015-இல் இங்கே வந்து தோற்ற அணியில் ஆடியவர். பின்னர் எசெக்ஸ் கவுன்டிக்காக ஆண்டுதோறும் வீசி வீசித் தேர்ந்து, முதல்தரப் போட்டிகளில் 1000 விக்கெட்டுகளைக் கடந்து, 36 வயதில் திரும்பி வந்து இரண்டே டெஸ்டில் 17 விக்கெட் எடுத்தார். அப்படிப்பட்டவரைத் தேடிப்பிடித்து அழைத்து வரும் தேர்வுக் குழுவை நான் மதிக்கிறேன்.

பதில் 3: மதுரை ஆஃப் ஸ்பின்

இருவருமே அஷ்வினைக் குறிப்பிடாமல் விட்டது வியப்பளிக்கிறது. 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன்னும், இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட்டும் எடுத்தவர், அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் 537 விக்கெட்டுகளோடு விடைபெற்றார். உள்நாட்டில் ஆட்டத்தை ஒரு முனையிலிருந்து கட்டுப்படுத்திய ஒருவர் போன பின், அவரது பணியை எவர் ஏற்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக 59 ரன்னுக்கு 7 விக்கெட், லார்ட்ஸில் 22 ரன்னுக்கு 4 விக்கெட் என்று வீசிய வாஷிங்டன்தான் அந்தப் பணிக்கு இயல்பாகப் பொருந்துபவர். ஆனால் நீண்ட ஓவர்கள் வீசாமல் எந்த ஆஃப் ஸ்பின்னரும் வளர முடியாது. அவரை மட்டைக்காக அணியில் சேர்த்துப் பந்தைக் கையில் தராமல் வைத்திருப்பது, 26 வயதில் அவர் கற்க வேண்டியதைக் கற்கவிடாமல் தடுக்கிறது. மட்டை வரிசையைவிட இதுவே எனக்குப் பெரிய கவலை.

நெல்லை ரசிகன் மீண்டும்:

மூவருக்கும் நன்றி. சேப்பாக்கம் மேல்மாடம் சொன்ன சங்கிலித் தொடரை நான் இந்த அளவுக்குச் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை; கொல்கத்தாவின் பதினொருவர் பட்டியல் அந்தக் களத்திலிருந்து பிறந்தது என்பது சரியாகவே படுகிறது. ஆனால் கொங்கு வாசகர் காட்டியபடி குவாஹாட்டியில் களம் நன்றாக இருந்தும் மட்டை வரிசை மாறிக்கொண்டே இருந்தது. அணித்தலைவர் கில் கழுத்து வலியால் கொல்கத்தாவில் பாதியில் வெளியேறி அடுத்த போட்டியிலும் ஆடாதது ஒரு மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. மற்றவை நாமே செய்துகொண்டவை.

தமிழ்நாட்டு வீரர்கள் இருவரையும் ஒருவருக்கு ஒருவர் போட்டியாக நிறுத்த நான் விரும்பவில்லை. 2024 அக்டோபரில் டெல்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் சாய் 213, மூன்றாவதாக இறங்கிய வாஷிங்டன் 152 என்று ஒரே இன்னிங்ஸில் அடித்தார்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் வாஷிங்டன் புனே டெஸ்டுக்கு அழைக்கப்பட்டார். மூன்றாம் இடத்தில் ஆடும் தகுதி வாஷிங்டனுக்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. மான்செஸ்டரில் ஐந்தாவதாக இறங்கி, ஜடேஜாவுடன் கடைசிவரை நின்று 101 ரன்னுடன் ஆட்டத்தைச் சமன் செய்தவர் அவர். ஆனால் மூன்றாம் இடம் தந்தால் குறைந்தது ஒரு முழுத் தொடருக்காவது தர வேண்டும். தராவிட்டால் மதுரை நண்பர் சொல்வதுபோல முதன்மை ஆஃப் ஸ்பின்னராக வைத்து நாளுக்கு 20 ஓவராவது வீசச் செய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால் இரண்டாவது வழியையே தேர்வேன். சாய்க்கு மூன்றாம் இடத்தை அடுத்த 10 டெஸ்டுக்கு உறுதி செய்து, அவர் இரண்டு முறை தொடர்ந்து சொற்ப ரன்னில் ஆட்டமிழந்தாலும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். வாஷிங்டன் ஏழாவதாக வந்து, ஜடேஜாவோடும் குல்தீப்போடும் மூன்றாவது சுழற்பந்து வீச்சாளராக வீசலாம். ஆறாம் இடத்துக்கு ஆல்ரவுண்டரைத் தேடாமல், இந்த ரஞ்சிப் பருவத்தில் நான்கு நாள் ஆட்டங்களில் நின்று ஆடும் ஒரு முழுநேர மட்டையாளரைத் தேட வேண்டும். அந்த ஆறாம் இடத்துக்கு நீங்கள் யாரைப் பரிந்துரைப்பீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.