மகளின் கண் உறுத்தல்: மை பற்றி ஒரு உதவி வேண்டும்

தோழிகளே, மகள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். பகலெல்லாம் கம்ப்யூட்டர், இரவில் செல்போன். ஒரு வாரமாகக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறதாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொன்னேன், கொஞ்சம் தேவலை.

என் பயமெல்லாம் மை மேல்தான். இமையின் உள்விளிம்பில் அழுத்தி இழுக்கிறாள். கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் திறப்பதே அங்கேதான். போதாததற்கு, பெயரே ஒட்டாத சுர்மா (கண்ணில் இடும் பொடி மை) டப்பா ஒன்று வேறு! சுர்மாவில் ஈயம் இருப்பதுண்டு என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம். அதுவரை மை வேண்டாம் என்றால், "முகமே டல்லா இருக்கும்மா" என்கிறாள். உங்கள் வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அப்புறம், போட்ட மையை எரிச்சல் இல்லாமல் எதை வைத்துத் துடைக்கிறீர்கள்? சொல்லுங்களேன்.