ராஜஸ்தான் பாலைவனக் கோயில் யாத்திரை: 22 பேர், 12 நாள், இங்கிருந்தே வண்டி சரிப்படுமா?

காரிமங்கலம்:
வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் எங்க ஊர்ல இருந்து 22 பேர் தை கடைசியில ராஜஸ்தான் பாலைவனப் பக்கம் யாத்திரை கிளம்பறாங்க. 60 தாண்டினவங்க 9 பேர், அதுல 4 பேருக்குச் சர்க்கரை. இங்கிருந்தே வண்டி, கூடவே சமையல்காரர், மொத்தம் 12 நாள். புஷ்கர் பிரம்மா, ஓசியான் சச்சியாய் மாதா, ராம்தேவ்ரா, ஜெய்சல்மேர் கோட்டை லட்சுமிநாதர், எல்லையோரம் தனோட் மாதா, கோலாயத் கபில முனிவர், தேஷ்னோக் கர்ணி மாதா. தினம் விடியக்காலை 4 மணிக்குக் கிளம்பினா எல்லாம் முடியும்னு கணக்கு. தனோட் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரியே பீகானேர் போயிடலாம்னு ஒரு யோசனை. தப்பு இருந்தா வெளிப்படையா சொல்லுங்க.

தென்பெண்ணை:
கோயில்களைத் தேர்ந்தெடுத்தது நல்லா இருக்கு. வண்டியும் நாளும்தான் ஒத்துவரலை. கிருஷ்ணகிரி வழியா போற அதே 48ம் எண் நெடுஞ்சாலைதான் பெங்களூரு, புனே, அகமதாபாத், உதய்ப்பூர் போய் அஜ்மீர் பக்கத்துல கிஷன்கட்டைத் தொடுது. ரோடு ஒண்ணுதான், ஆனா தூரம் 2,100 கிலோமீட்டருக்குக் குறையாது. பெரியவங்களை ஏத்தின வண்டி ஒரு நாளைக்கு 500, 550 போகும். போக 4 நாள், வர 4 நாள். 12ல 8 ரோட்டுலயே போச்சு. புஷ்கர்ல ஆரம்பிச்சு தனோட் தொட்டு பீகானேர், தேஷ்னோக் வழியா அஜ்மீர் திரும்பற சுத்து மட்டும் சுமார் 1,350 கிலோமீட்டர். அதை மீதி 4 நாள்ல முடிக்கறதா?

பெங்களூருல இருந்து ஜோத்பூருக்கு நேர் ரயில் இருக்கு. தினமும் கிடையாது, அதனால முதல்ல ரயில் கிழமையைப் பார்த்துட்டு அப்புறம் யாத்திரை தேதி வைங்க. ரெண்டு ராத்திரி படுத்துட்டுப் போயிடலாம். அங்க இறங்கி உள்ளூர் வண்டி எடுத்தா 7 முழு நாள் கையில இருக்கும்.

சாமல்பட்டி:
தென்பெண்ணை சார் சொல்ற கூட்டல் கழித்தல் சரி. ஆனா ரயில்னாலே சுலபம்னு நினைக்காதீங்க. 22 பேர், ஆளுக்கு ரெண்டு பை, சமையல் பாத்திரம். கிருஷ்ணகிரி டவுனுக்குப் பயணிகள் ரயிலே கிடையாது. தருமபுரில இருந்தும் பெங்களூரு போய்த்தான் மாறணும். அங்க பிளாட்பாரம் மாத்தி ஏறவே முட்டி வலிக்காரங்களுக்கு அரை நாள் தெம்பு போயிடும். சொந்த வண்டின்னா வீட்டு வாசல்ல ஏறி வீட்டு வாசல்ல இறங்கலாம். டிரைவர்கிட்ட தமிழ்லயே "ஓரமா நிறுத்துப்பா"ன்னு சொல்லலாம். போற வழியில கோலாப்பூர் மகாலட்சுமி, உதய்ப்பூர் தாண்டி ஏகலிங்கநாதர், நாத்துவாரா ஸ்ரீநாத்ஜி மூணும் கிடைக்கும். ரயில்ல போனா இதெல்லாம் ஜன்னல்லகூட தெரியாது.

என் கருத்து: வண்டியை மாத்த வேண்டாம், நாளை 12ல இருந்து 16 ஆக்குங்க. டிரைவர் ரெண்டு பேர் கட்டாயம். ஒருத்தர் ஓட்டறப்ப இன்னொருத்தர் நிஜமாவே தூங்கணும், பேச்சுத்துணைக்கு முன்சீட்டுல உட்கார வைக்கக் கூடாது. அகில இந்திய சுற்றுலா பர்மிட்டும் எப்.சி.யும் (வண்டித் தகுதிச் சான்று) இன்சூரன்ஸும் நடப்புல இருக்கான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே காகிதத்துல பாருங்க. வாடகைக்கு வெள்ளை போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி மட்டும் எடுக்கவே கூடாது. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கை விரிச்சிடும்.

தென்பெண்ணை:
22 பேரோட சமையல் ரெண்டு, டிரைவர் ரெண்டு சேர்த்தா 26 பேர். ஒரு டெம்போ டிராவலர்ல வசதியா அடங்காது. மினி பஸ்ஸோ ரெண்டு வண்டியோதான். 16 நாளைக்கு அந்த வாடகையையும் டிரைவர் பேட்டாவையும் போட்டுப் பார்த்தீங்களா அண்ணா?

ரயில் டிக்கெட் பத்தி ஒரு விஷயம். முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், பழைய 120 நாள் கணக்கை நம்பாதீங்க. ஒரு டிக்கெட்ல 6 பேர் போடலாம்னு 22 பேரையும் நாலா பிரிச்சுப் போட்டா பெரியவங்களுக்கு மேல் பெர்த் விழும். மூத்தவங்க கோட்டாவுல கீழ் பெர்த் வேணும்னா ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு பேர்தான். அதனால அந்த 9 பேருக்குத் தனியா ரெண்டு ரெண்டா போடுங்க. அந்தக் கோட்டாவுக்கு ஆணுக்கு 60 வயசு, பெண்ணுக்கு 45 போதும்.

பாரூர் ஏரி:
வண்டியா ரயிலாங்கறதை அப்புறம் முடிவு பண்ணலாம். காலை 4 மணிக்குக் கிளம்பறதை முதல்ல கைவிடுங்க. நம்ம ஊர்ல தை கடைசியில 6.45க்கு வெளுத்துடும். ஜெய்சல்மேர் மேற்கே வெகுதூரம், அங்க சூரியன் வர 7.20 ஆகும். 4 மணிக்குக் கிளம்பினா மூணு மணி நேரம் கும்மிருட்டுல ஓட்டணும். ரோட்டுல மாடும் ஒட்டகமும் படுத்திருக்கும். ஒட்டகத்தோட கால் உயரத்துலதான் ஹெட்லைட் வெளிச்சம் விழும், உடம்பு இருட்டுல மறைஞ்சிடும். கிட்ட வந்தாத்தான் தெரியும். குளிர் வேற ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருக்கும்.

சர்க்கரைக்காரங்களுக்கு இன்னும் மோசம். 4 மணிக்கு ஊசியோ மாத்திரையோ போட்டுட்டு "வழியில டிபன் சாப்பிடலாம்"னு ஏறுவாங்க. அந்தப் பக்கம் 8 மணிக்கு முன்னாடி வழியில எதுவும் திறந்திருக்காது. வேர்த்து, கை நடுங்கி, தலை சுத்தும். எல்லாரும் குளிர்னு நினைச்சுப் போர்வை போர்த்துவாங்க, சர்க்கரை இறங்கினது தெரியவே தெரியாது. 7 மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, 7.30க்குக் கிளம்பி, சாயங்காலம் 6 மணிக்குள்ள அறைக்கு வந்துடணும். ஒவ்வொருத்தர் பையிலயும் நாலு ஸ்பூன் சர்க்கரை பொட்டலமா இருக்கணும். இன்சுலினை லக்கேஜ்ல போடாதீங்க, டேஷ்போர்டுலயும் வைக்காதீங்க. கைப்பையில ஈரத்துணி சுத்தி வைங்க.

தொப்பூர் கணவாய்:
தை எதுக்கு? ராம்தேவ்ஜி சாமியோட ஊரான ராம்தேவ்ராவை மேளா, அதாவது திருவிழா சமயத்துல பார்த்தாத்தானே பார்த்த மாதிரி. பாத்ரபத வளர்பிறை துவிதியைல இருந்து ஏகாதசி வரைக்கும், அதாவது நம்ம பிள்ளையார் சதுர்த்திக்கு ரெண்டு நாள் முன்னாடி தொடங்கிடும். ஜோத்பூர்ல இருந்தும் குஜராத்ல இருந்தும் கொடி பிடிச்சு நடந்து வராங்க. வழி நெடுக பந்தல், இலவசச் சாப்பாடு, நடந்து வரவங்க காலைப் பிடிச்சு விடறாங்க. ராம்தேவ்ஜியை இந்துவும் கும்பிடறார், முஸ்லிம் "ராம்சா பீர்"னு கும்பிடறார். அங்க துணியில செஞ்ச குதிரையைக் காணிக்கை வைக்கறாங்க. நம்ம ஊர் அய்யனாருக்கு மண் குதிரை வைக்கறதை நினைச்சுக்கோங்க. அந்தக் கூட்டத்துல பொக்ரான்ல இருந்து 12 கிலோமீட்டர் நடந்து போறதுதான் யாத்திரை. வண்டியில போய் இறங்கி 10 நிமிஷத்துல திரும்பறது சுற்றுலா.

பாரூர் ஏரி:
அண்ணா, உங்க பக்தியில எனக்கு மறுப்பில்லை. ஆனா இந்தக் குழுவுல 60 தாண்டினவங்க 9 பேர். அந்தச் சமயம் அங்க மழைக்கால முடிவு, வெயில் இன்னும் சுடும், அறை கிடைக்காது, வரிசை மணிக்கணக்கா நிக்கும். பக்கத்துல இருக்கற பலோடிலதான் 2016 மே 19 அன்னைக்கு 51 டிகிரி பதிவாச்சு, நாட்டுலயே அதிகம். ஆவணியில அவ்வளவு இருக்காதுன்னாலும் அந்த மண்ணோட குணம் அதுதான். இளவட்டம் தனியா மேளாவுக்குப் போகட்டும்.

தொப்பூர் கணவாய்:
மேளாவை விட்டுடறேன். நடையை விட மாட்டேன். தை மாசக் காலையில 12 கிலோமீட்டரை 9 மணில இருந்து 12 மணிக்குள்ள நடக்க முடிஞ்சவங்க நடக்கட்டும், வண்டி பின்னாடியே வரட்டும். முட்டி வலிக்காரங்க கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் சேர்ந்துக்கட்டும். இதுக்கும் மறுப்பா?

பாரூர் ஏரி:
இது நல்ல யோசனை, ஒத்துக்கறேன்.

சாமல்பட்டி:
சாப்பாட்டுக்கு வருவோம். சமையல்காரர் இல்லாம நம்ம பெரியவங்க மூணாம் நாளே சோர்ந்துடுவாங்க. அந்தப் பக்கம் கம்பு ரொட்டி, கடலைமாவு கட்டா, கேர் சாங்ரிங்கற பாலைவனக் காய்ப் பொரியல் எல்லாம் நல்ல சாப்பாடுதான், ஆனா தினமும் ரெண்டு வேளை நெய்யும் காரமும் வயிறு தாங்காது. ஒரு வேளைக்குக் கிலோ அரிசி 8ல இருந்து 10 பேருக்கு வரும். 26 பேருக்கு 3 கிலோ. ரசப்பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி இங்கிருந்தே. அடுப்பும் சிலிண்டரும் வண்டியில இருந்தா எங்க வேணா நிறுத்திச் சமைக்கலாம்.

தென்பெண்ணை:
சிலிண்டரா? ரயில்ல அது முழுத் தடை. 2023 ஆகஸ்ட்ல மதுரை ஸ்டேஷன்ல நின்ன சுற்றுலாப் பெட்டியில திருட்டுத்தனமா கொண்டுவந்த சிலிண்டரால தீப்பிடிச்சு 9 பேர் செத்தாங்க. அவங்களும் யாத்திரைக்கு வந்தவங்கதான். ஆள் உட்கார்ற வண்டிக்குள்ள சிலிண்டர் வைக்கறதும் அதே ஆபத்து. அடுப்பு குடுக்கற தர்மசாலாவா பார்த்து முன்பதிவு பண்ணுங்க, சிலிண்டர் அங்கயே வாங்கிக்கலாம். சமையல்காரரைக் கூட்டிட்டுப் போறதுல எனக்கு ஆட்சேபணையே இல்லை.

பாரூர் ஏரி:
எங்க சமைச்சாலும் தண்ணியைப் பாருங்க. அங்க நிலத்தடி நீர் பல இடத்துல உப்பு, ஃப்ளோரைடும் உண்டு. ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததுன்னு தெரிஞ்ச நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொதிக்க வெச்சா கிருமிதான் போகும்; உப்பும் ஃப்ளோரைடும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும். போர் தண்ணியில துவரம்பருப்பு மூணு விசிலுக்கும் வேகாம கல்லு கல்லா நிக்கும். அது குக்கரோட குத்தமில்லை, கடின நீரோட வேலை. குடிக்க, பருப்பு, சாதம் மூணுக்கும் கேன் தண்ணி. பாத்திரம் கழுவ உள்ளூர்த் தண்ணி. தனோட் போற நாள் ஆளுக்கு 4 லிட்டர் போட்டா 26 பேருக்கு 104 லிட்டர், 20 லிட்டர் கேன் 6 ஏத்துங்க. குளிர்ல தாகம் தெரியாது, காத்து வறட்சியா இருக்கும், உதடு வெடிக்கும். வேளை வெச்சுக் குடிக்கச் சொல்லணும். வயித்துப்போக்கு வந்தா ஒரு லிட்டர் கேன் தண்ணியில தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினா ஆபத்து, கண்ணளவுல போடாதீங்க.

தென்பெண்ணை:
தனோட் பார்த்துட்டு அன்னைக்கே பீகானேர்ங்கறதை யாரும் இன்னும் தொடலை. ஜெய்சல்மேர்ல இருந்து ராம்கட் வழியா தனோட் சுமார் 120 கிலோமீட்டர். லோங்கேவாலா போர் நினைவிடத்தையும் சேர்த்துத் திரும்பினா 270 வரும். அதுக்கப்புறம் பீகானேர் 330. மொத்தம் 600, அதுவும் பாதி இருட்டுல. முடியாது. தனோட்டுக்கு ஒரு முழு நாள், ஜெய்சல்மேர்ல ரெண்டு ராத்திரி. டீசலை ஜெய்சல்மேர்லயே நிரப்பிடுங்க, ராம்கட் தாண்டினா பங்க்கை நம்ப வேண்டாம், போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான். கோயிலை நடத்தறது எல்லைப் பாதுகாப்புப் படை. 1965 போர்ல வெடிக்காம போன குண்டுகளை அங்கயே வெச்சிருக்காங்க. எல்லாரும் அசல் ஆதார் வெச்சிருக்கணும். எல்லைத் தூண் வரைக்கும் போகத் தனி அனுமதி வேணும். வெளிநாட்டு பாஸ்போர்ட் இருக்கற உறவுக்காரங்க யாராவது சேர்ந்தா மாவட்ட நிர்வாகத்துகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.

சாமல்பட்டி:
இதுல தென்பெண்ணை சார் பக்கம்தான். ஒண்ணு சேர்க்கறேன். அந்த ரோட்டுல காத்து மணலைத் தூக்கி ஓரத்துல கொட்டியிருக்கும். போட்டோவுக்கு நிறுத்தறேன்னு தார் விட்டு இறக்கினா பின்சக்கரம் புதைஞ்சிடும். டிரைவர் பதட்டத்துல ஆக்சிலேட்டரை மிதிப்பார், சக்கரம் சுத்தச் சுத்த அச்சு வரைக்கும் இறங்கிடும். மிதிக்கவே கூடாது. எல்லாரையும் இறக்கிட்டு, சக்கரத்துக்கு முன்னாடி மணலைச் சரிவா வாரி, சாக்கை விரிச்சு, டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கி, முதல் கியர்ல மெதுவா எடுக்கணும். தார் ஏறின உடனே காத்து திரும்ப ஏத்தணும், இல்லைன்னா வேகத்துல டயர் சூடேறி வெடிக்கும். அதனால மண்வெட்டி ஒண்ணு, கோணிச்சாக்கு 4, காத்து பம்பு ஒண்ணு வண்டியில இருக்கட்டும்.

பாரூர் ஏரி:
தேஷ்னோக் பத்தி. கர்ணி மாதா கோயில்ல எலிகளைக் "காபா"ன்னு சொல்லுவாங்க. பளிங்குத் தரை முழுக்க ஓடும், சிந்தின பால், லட்டுத் துணுக்கு, புழுக்கை எல்லாம் கிடக்கும். செருப்பில்லாமத்தான் போகணும். சர்க்கரையில கால் மரத்தவங்களுக்குச் சின்னக் கீறல் பட்டாலும் தெரியாது. கெட்டியான சாக்ஸ் போட்டு, காலைத் தூக்காம தரையோட தேய்ச்சு நடக்கச் சொல்லுங்க. எலி மிதிபடாது, கால் வழுக்காது. மிதிபட்டுச் செத்தா வெள்ளி எலி செஞ்சு வைக்கணுங்கறது அங்க வழக்கம். வெளிய வந்ததும் சாக்ஸைக் கழட்டிப் போட்டுட்டு, காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளங்காலைப் பக்கத்துல இருக்கறவங்க பார்க்கணும்.

காரிமங்கலம்:
எல்லாருக்கும் நன்றி. ரயில்ல ஜோத்பூர், அங்க உள்ளூர் வண்டி, சமையல்காரர் கூட வருவார், சிலிண்டர் இல்லை. முதல் நாள் ஓசியான் பார்த்துட்டு ராம்தேவ்ரா பக்கம் தங்கல், ரெண்டாம் நாள் காலையில நடை, அப்புறம் ஜெய்சல்மேர். மூணாம் நாள் தனோட். நாலாம் நாள் பலோடி, கோலாயத் வழியா பீகானேர். அஞ்சாம் நாள் தேஷ்னோக், அப்படியே அஜ்மீர். ஆறாம் நாள் புஷ்கர். ஏழாம் நாள் ஜோத்பூர் திரும்பறோம். சாமல்பட்டி அண்ணா வருத்தப்படாதீங்க, கோலாப்பூரும் நாத்துவாராவும் அடுத்த தடவை. லட்சுமிநாதர் கோயிலுக்கு எப்ப போறது?

சாமல்பட்டி:
வருத்தம் இல்லை. ஆனா 22 பேர் சாமானையும் பெங்களூருல ஏத்தி இறக்க இளவட்டம் 4 பேரை இப்பவே பேர் சொல்லி ஒதுக்குங்க.

தென்பெண்ணை:
லட்சுமிநாதரைத் தனோட் போயிட்டு வந்த அன்னைக்கு வைக்காதீங்க. கோட்டை ஏத்தம் செங்குத்தா, வழுக்கற கல்லு பாவினது, வேன் உள்ள போகாது. ரெண்டாம் நாள் 4 மணிக்குள்ள ஜெய்சல்மேர் சேர்ந்துட்டா பெரியவங்களை ஆட்டோவுல மேல ஏத்திடலாம். புஷ்கர்ல பிரம்மா கோயில் நடை மதியம் சாத்திடுவாங்க, காலையிலயே முடிங்க. படித்துறையில சங்கல்பத்துக்கு உட்காரும் முன்னாடியே தட்சிணையை இவ்வளவுன்னு பேசிடுங்க. சங்கல்பத்துக்கு நடுவுலதான் தொகையைச் சொல்லச் சொல்லுவாங்க, கையில தண்ணியோட உட்கார்ந்திருக்கறப்ப பெரியவங்களால மறுக்க முடியாது.