மறு: பாட்டு தொடங்க முதலே கேட்கும் பாட்டுக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கசெற்றில் ஒரு பாட்டு தொடங்க முதலே அதன் முதல் அடி மெல்லியதாகக் கேட்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று போன கிழமை கேட்டிருந்தேன். இத்தனை மறுமொழி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. இடையில் சேர்ந்தவர்களுக்காக விசயத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

போரில் மூடிக் கிடந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்து அடுத்த வருடம், 2003இல், சின்ன மாமா லண்டனில் இருந்து வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கசெற்றுகள் கொண்டுவந்தார். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வெளிவந்த பங்க், இண்டி என்ற ரொக் வகை இசைத்தட்டுகளைக் கூட்டாளிகளிடம் இரவல் வாங்கித் தானே பதிந்தவை. அந்தப் பெட்டி எங்கள் கொக்குவில் வீட்டு அலுமாரிக்கு மேல் இருபது வருடம் இருந்தது. மேலே தகரக் கூரை. காண்டாவன வெயில் எத்தனையைத் தாங்கியிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். இப்போது ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் குறிப்பு எழுதி வருகிறேன். அந்தக் குறிப்பு எழுதும்போதுதான் சொல் இல்லாமல் முட்டுப்பட்டேன்.

ஒரு சி-90 கசெற், பக்கத்துக்கு 45 நிமிடம். ஏ பக்கத்தில் வயர் என்ற ஆங்கிலேய பங்க் குழுவின் 1977ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு 'பிங்க் ஃபிளாக்'. 21 பாட்டுகள், எல்லாம் சேர்த்து 36 நிமிடத்துக்குள். அரை நிமிடத்தில் முடிகிற பாட்டும் உண்டு. மறுபக்கத்தில் கார்டிஃப் நகரத்து யங் மார்பிள் ஜயன்ற்ஸ் குழு 1980இல் வெளியிட்ட 'கொலோசல் யூத்'. அவர்கள் செய்த ஒரேயொரு ஸ்ரூடியோ இசைத்தொகுப்பு அது. மேளம் அடிக்க ஆள் இல்லை. தானே தாளம் போடும் ஓர் இயந்திரம், கிற்றார், பேஸ், ஓகன், மெல்லப் பாடும் ஒரு பெண் குரல், அவ்வளவுதான். பங்க் என்றால் இரைச்சல் என்று நினைத்திருந்த எனக்கு, அந்த இயக்கத்தின் பக்கத்திலேயே இப்படி அடங்கிய ஓர் இசையும் பிறந்தது பெரிய ஆச்சரியம்.

அந்தப் பக்கத்தில், ஒரு பாட்டு முடிந்து அமைதி வருகிற இடத்தில், அடுத்த பாட்டின் முதல் அடி மிக மெல்லியதாக, தூரத்தில் இருந்து கேட்பதுபோல் ஒருமுறை கேட்கும். பிறகுதான் உண்மையான பாட்டு தொடங்கும். பல வருடமாக அதை அந்தக் குழு வேண்டுமென்றே செய்ததாகத்தான் நம்பியிருந்தேன். அண்மையில் அதே பாட்டுகளை இணையத்தில் துப்புரவான பதிப்பில் கேட்டேன். அந்த மெல்லிய முதல் அடி அங்கே இல்லை. எனக்கு அது ஓர் இழப்பாகவே இருந்தது.

காரணம் ஒலிநாடாவில்தான் இருக்கிறது. சி-90இல் ஏறத்தாழ 130 மீற்றர் நாடா ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடக்கிறது. ஒரு சுற்றில் இருக்கிற காந்தப் பதிவு, அதை ஒட்டிக் கிடக்கும் அடுத்த சுற்றையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது. நாடா மெல்லியதாக இருந்தால் கூடுதலாக நடக்கும்; சி-60ஐவிட சி-90 மெல்லியது. சூடு பட்டால் இன்னும் கூடும். பதிந்த முதல் நாட்களில் வேகமாகவும் பிறகு மெல்ல மெல்லவும் ஏறும். சத்தமான இடத்துக்குப் பக்கத்தில் அமைதி இருந்தால்தான் காதுக்குப் பிடிபடும். அதனால்தான் சத்தத்தோடு சத்தம் ஒட்டியிருக்கும் வயர் பக்கத்தில் அரிதாகவும், மறுபக்கத்தில் தெளிவாகவும் கேட்கிறது.

சரி, இனி நீங்கள் தந்த சொற்கள்.

> முன்னெதிரொலி என்றால் போதாதா?

சென்னை நண்பருக்கு: எதிரொலி என்றால் சத்தம் எதிலாவது பட்டுத் திரும்ப வேண்டும். இங்கே எதுவும் எதிலும் படவில்லை. அதோடு 'எதிர்' என்பதிலேயே முன்னால் என்ற பொருளும் இருக்கிறது. எதிர்காலம் என்கிறோம் அல்லவா. முன்னும் எதிரும் ஒரே சொல்லில் நெருக்குப்படுகின்றன.

> அச்சு ஊடுருவல்

இது print-through என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரித்து ஒவ்வொரு துண்டாக மாற்றியது. ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான் விளங்கும். தெரியாதவர் அச்சகத்தை நினைப்பார்.

> பேயொலி

கேட்கிறவரின் பயத்தைச் சொல்கிறது, நாடாவில் நடப்பதைச் சொல்லவில்லை.

கனடாவில் இருக்கும் அக்கா 'கசிவு' என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் யோசித்தேன். நல்ல சொல். ஆனால் அது இன்னொன்றுக்குத் தேவை: கசெற் ஓடும்போது இயந்திரத்தின் வாசிக்கும் தலை சரியாகப் பொருந்தாவிட்டால் மறுபக்கத்துப் பாட்டு பின்னோக்கி ஓடுவதுபோல் உள்ளே கேட்குமே, அதுதான் கசிவு. ஒரு தடத்தில் இருந்து பக்கத்துத் தடத்துக்கு, ஓடும் அந்த நேரத்தில் நடப்பது. நான் சொல்வது சும்மா கிடக்கும்போது நடப்பது.

நான் முன்வைக்கும் சொல் ஊறல்.

பள்ளிக்கூடத்தில் ஊற்றுப்பேனையால் எழுதினால் கொப்பியின் அடுத்த தாளில் மை ஊறியிருக்கும். தாளோடு தாள் ஒட்டிக் கிடந்ததால் வந்த குறை, நாடாவிலும் அதேதான். இன்னொன்று, ஊறுவதற்கு நேரம் வேண்டும். கோடையில் மாலைவரை இறைத்து வற்றின கிணறு இராத்திரி முழுக்க ஊறி விடியத் தண்ணீர் காட்டும். ஊறுகாயும் அப்படித்தான். கிடக்கக் கிடக்க ஏறுவது என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் தந்த மற்ற எந்தச் சொல்லிலும் அது இல்லை.

ஊறல் என்றால் தமிழ்நாட்டில் கள்ளச் சாராயத்துக்குப் போடுவது நினைவுக்கு வரும் என்று ஒருவர் எச்சரித்தார். இங்கே அதைக் கோடா என்கிறோம், குழப்பம் வராது. அங்கேயும் இசைக் குறிப்பில் வாசிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன். நாங்கள் இறுவட்டு என்கிறோம், அவர்கள் குறுந்தகடு என்கிறார்கள், இரண்டும் வாழ்கின்றன.

ஒரு சின்ன விலகல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அந்த நூல்களில் ஒன்றின் பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. அந்த உழைப்பின்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. ஆனாலும் அங்காதிபாதம் என்ற சொல் இன்று யார் வாயிலும் இல்லை, உடற்கூற்றியல் என்கிறோம். உடல், கூறு இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். அந்தப் பாடம்தான் என்னை மைக்கும் கிணற்றுக்கும் கொண்டுபோனது.

அப்புறம், பாட்டுக்கு முதல் கேட்பதையும் பிறகு கேட்பதையும் பிரிக்க வேண்டும். ஊறல் இரண்டு பக்கமும் போகும். பிறகு கேட்பது பாட்டின் சத்தத்தில் மறைந்துவிடும். அதனால்தான், பலமான ஊறல் பிந்தி விழும்படி, ஸ்ரூடியோக்களில் நாடாவை முடிவு வெளியே இருக்கும்படி சுற்றி வைப்பார்கள். முதலில் 'முன்னூறல்' என்று எழுதிப் பார்த்தேன். கண்ணுக்கு முந்நூறு போலத் தெரிகிறது, பலர் அந்த எண்ணையே அப்படித்தான் பிழையாக எழுதுகிறார்கள். ஆகவே முந்து, பிந்து என்ற வினைகளை எடுத்தேன். பிந்தி வந்தான் என்பது இங்கே தினமும் வாயில் வருவது. முந்தூறல், பிந்தூறல். முந்தூறலைத் தாளில் எழுதியபோது உள்ளே 'தூறல்' தெரிந்தது. நான் தேடி வைத்ததல்ல. மழைக்கு முதல் விழும் தூறல் போலத்தான் அந்தச் சத்தமும் இருக்கிறது. அதைக் கண்ட பிறகு இந்தச் சொல்லை விட மனமில்லை.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. மாமா பதிந்தது இசைத்தட்டில் இருந்து. மூலத்தட்டில் ஒலி பதியும் பள்ளத்தின் ஒரு வரியை வெட்டும்போது பக்கத்து வரியின் சுவர் கொஞ்சம் நெளியும். அதனாலும் இதே மாதிரிச் சத்தம் வரும். இரண்டையும் பிரிக்க வழி உண்டு. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன். எனவே தட்டில் இருந்து வந்த சத்தம் எப்போதும் 1.8 செக்கன் முந்தும், மாறாது. கசெற்றில் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடுகிறது. ஊறல் ஒரு சுற்று முந்துவதால், சி-90இல் உட்சுற்றில் ஏறத்தாழ ஒன்றரை, வெளிச்சுற்றில் மூன்றேகால் செக்கன் வரும். நான் கைபேசியில் நேரம் பிடித்துப் பார்த்தேன். பி பக்கத் தொடக்கத்தில் ஒன்றரை, போகப்போகக் கூடி முடிவில் மூன்றைத் தாண்டியது. ஆகவே என்னுடையது ஊறல்தான். முன்னும் பின்னுமாக ஒருமுறை முழுதாகச் சுற்றிவிட்டுப் போட்டபோது கொஞ்சம் குறையவும் செய்தது. கணினிக்கு ஏற்றியது சுற்ற முதல் எடுத்த பதிவைத்தான். அந்தச் சத்தத்தோடுதான் இத்தனை வருடம் அந்தப் பாட்டுகளைக் கேட்டேன்.

தட்டில் வருவதற்கு ஊறல் பொருந்தாது, அங்கே எதுவும் ஊறவில்லை. உழவில் ஒரு சாலுக்கு மிக ஒட்டி அடுத்த சால் ஓட்டினால் இடையிலுள்ள மண் சரியுமே, அதற்குக் கிளிநொச்சி, வன்னிப் பக்கம் ஏதாவது சொல் இருக்கிறதா? வயல் செய்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அது வரும்வரை குறிப்பில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
கொக்குவிலில் இருந்து