அப்பாவின் குரல் உள்ள கேசட்டில் பூஞ்சணம்: உதவி தேவை

கோத்தகிரியில் வசிக்கிறேன். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்கள் குறித்து இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து வந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, சென்ற மாதம் காலமான என் அப்பா, மண்டபம் முகாமில் இறங்கிய நாள் முதலான தம் கதையை 1991இல் 90 நிமிடக் கேசட் ஒன்றில் பேசிப் பதிவுசெய்திருந்தார். எங்களுக்கென அவர் விட்டுச்சென்ற சொத்து அதுதான்.

மலை ஈரத்தில் நாடாவின் ஓரமெங்கும் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்துள்ளது. முதல் பக்கம் 10 நிமிடம் மங்கலாக ஓடி, அவர் இருமுகிற இடத்தில் கீச்சென்று நின்றுவிடுகிறது. பென்சிலால் சுற்றிப் பார்த்தேன். டேப் ரெக்கார்டரில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அரிசி டப்பாவில் ஒரு வாரம் வைத்தேன் (வீண்வேலை). ஊட்டியில் ஒரு கடைக்காரர் வெட்டி ஒட்டலாம் என்றார், மனம் வரவில்லை.

நாடாவை வெட்டாமல் பூஞ்சணத்தை நீக்கி, கணினிக்கு மாற்றித் தருபவர் நீலகிரியிலோ கோவையிலோ யாரேனும் இருக்கிறார்களா?