கொடும்பாளூரிலிருந்து கானாடுகாத்தான் வரை மண்பாதையில் சைக்கிள்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

நண்பர்களே, தை மாதத்தில் நானும் தம்பியும் இரண்டு நாள் சைக்கிள் பயணம் போகலாம் என்றிருக்கிறோம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் மூவர் கோவிலில் கிளம்பி (பெயர்தான் மூவர், நிற்பது இரண்டு கோவில்தான்) குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை. மறுநாள் திருமயம், அப்புறம் கானாடுகாத்தான். தார்ச்சாலை எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது கண்மாய்க்கரையும் செம்மண் வண்டிப்பாதையும்தான்.

குடுமியான்மலையிலிருந்து அன்னவாசல் பக்கம் ஊர்களுக்குள்ளேயே புகுந்து போக வழி இருக்கிறதா? மேப்பில் மெல்லிய கோடு தெரிகிறது. ஆனால் நேரில் போனால் அது யாரோ ஒருவருடைய வயல் வரப்பாக இருந்துவிடும், பட்ட அனுபவம்.

பெரிய கவலை சீமைக்கருவேல முள். போன முறை ஒரே கண்மாய்க்கரையில் நாலு பஞ்சர். கையிலிருந்த ட்யூப் தீர்ந்து, வெயிலில் ஆறு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே நடந்தேன். இப்போது இருப்பது 38 மில்லிமீட்டர் டயர், உள்ளே சாதா ட்யூப். ட்யூபே இல்லாத ட்யூப்லெஸ்ஸாக மாற்றி சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றினால் இந்த முள்ளுக்குத் தாங்குமா? இந்தப் பக்கம் ஓட்டியவர்கள் சொன்னால்தான் நம்புவேன், கடைக்காரர் எதற்கும் தாங்கும் என்கிறார்.

இன்னொன்று. சித்தன்னவாசல் ஓவியத்தையும் நார்த்தாமலை விஜயாலய சோழீசுவரம் கோவிலையும் பார்க்க மேலே ஏறும்போது சைக்கிளைக் கீழே யாரிடம் விட்டுப் போகலாம்? முதல் நாள் இரவு புதுக்கோட்டையில், சைக்கிளை அறைக்குள் வைக்க விடும் லாட்ஜ் தெரிந்தாலும் சொல்லுங்கள்.